பிஷப் தாத்தா தூக்கி வந்த பிள்ளை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைக்கார மேற்றிராணியாரின் படம் தொங்கியது. நெஞ்சுவரை இறங்கிய தாடி, கழுத்தில் சிலுவை, அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போன்ற கண்கள். வீட்டில் எல்லோருக்கும் அவர் பிஷப் தாத்தா.

வெள்ளைக்காரன் ஆட்சியில் பஞ்சம் வந்தபோது அவர் குதிரையில் ஊர் ஊராகப் போனாராம். கடைசியில் கை மோதிரத்தையும் விற்றுக் கஞ்சி ஊற்றினாராம். அகரம் பக்கம் வறண்டுபோன குளத்தங்கரையில் மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. யார் பெற்றது, எந்தத் தெரு, என்ன சாதி, எதையும் அவர் கேட்கவில்லை. அங்கிக்குள் பொதிந்து குதிரையில் வைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அத்தை, அப்பாவின் தங்கை. பேன் பார்த்துக்கொண்டே சொல்வாள். மதிய வெயிலில் கண் சொருகும்போது அந்தக் குதிரையில் நானே போய்க்கொண்டிருப்பேன். தாடி என் உச்சந்தலையில் உரசும். சிறுமலை நீலமாய்க் கூடவே வரும். குளம்புச் சத்தம் மட்டும் கேட்காது. புழுதி அவ்வளவு மெத்தென்றிருக்கும்.

எனக்கு எட்டு வயதில் அத்தையைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. மாப்பிள்ளையை அத்தை கோயில் திருவிழாவில் முன்பே பார்த்திருந்தாள். அன்று மூன்று முறை சேலை மாற்றினாள்.

கேசரி கொடுத்தபோது பெரியப்பா அப்பாவிடம் கேட்டார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்? நாங்க நாலு தலைமுறை விசாரிச்சுத்தான் பொண்ணு எடுக்கிறது."

"இங்கனதான்... திண்டுக்கல்தான்" என்று அப்பா இழுத்தார்.

வகுப்பில் யாருக்கும் விடை தெரியாதபோது எனக்கு ஒரு துடிப்பு வரும். அது அப்போது வந்தது. படத்தைக் காட்டி, "பிஷப் தாத்தாதான் எங்க பூர்வீகம்! நாங்க அவரு பேரப் புள்ளைக!" என்றேன்.

பெரியப்பாவின் கரண்டி வாயருகே நின்றுவிட்டது. மேற்றிராணியார்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா பதறிப்போய், "அய்யய்யோ, அப்படி இல்லைங்க. பஞ்சத்துல அவரு எடுத்து வளத்த புள்ளையோட வம்சம்ங்க நாங்க" என்றார். இல்லாத பழியைத் துடைக்கப் போய், இத்தனை நாள் மூடி வைத்திருந்ததை அவரே திறந்துவிட்டார்.

"அப்ப யாரு பெத்த புள்ளைன்னே தெரியாதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரோம்" என்று மூவரும் எழுந்தார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். உள்ளிருந்து வந்த அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவள எதுக்குண்ணே அடிக்கிற? எங்கருந்து வந்தோம்னு சொல்ல நமக்கே கூச்சமா இருந்தா எப்படி?"

அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்துச் சிறுமலையில் மிளகு போடும் ஒருவர் பெண் கேட்டு வந்தபோது, அத்தை தானே முன்னால் வந்து குளத்தங்கரைக் கதையைச் சொன்னாள். அவர், "குதிரையிலயா வந்தாக? எங்காளுக நடந்துல்ல வந்தாக" என்றார். இன்றும் அத்தை மலையில்தான் இருக்கிறாள்.

அதெல்லாம் பிறகு. அன்று நான் அத்தையின் பிடியிலிருந்து நழுவித் தெருவுக்கு ஓடினேன். அவர்கள் தெருமுனையை நெருங்கியிருந்தார்கள். "வத்தலக்குண்டுக்கு நெறைய பஸ் இருக்கு, மெதுவாப் போங்க!" என்று கத்தினேன். மாப்பிள்ளை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன். ஒன்று போனால் பத்து நிமிடத்தில் அடுத்த பஸ் வரும் ஊருக்கு, பாதிக் கேசரியை வைத்துவிட்டு ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.