ஒருத்தியைப் பற்றிய கும்மி

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று பெண்கள் வீடு வீடாகப் போய்க் கும்மியடிப்பார்கள். பழைய பாட்டுகளோடு, அந்த வருடம் ஊரில் நடந்ததைப் பற்றிப் புதிதாக இரண்டு வரி கட்டிச் சேர்ப்பது வழக்கம். யாரையாவது குத்துகிற வரி என்றால் அதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையோடு யார் சண்டைக்குப் போவது? இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, கணீரென்ற குரல். பாட்டுக் கட்டுவதில் பேர்போன எதிர்வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பாட்டி முறை, அம்மாயி என்று கூப்பிடுவேன்.

திருப்பூரு பஸ்ஸேறிப் போனாளாம் – ஒருத்தி
திரும்பையிலே தனியாத்தான் வந்தாளாம்

“யாரு அம்மாயி அந்த ஒருத்தி?”

“எவளோ ஒருத்தி. நீ சத்தமா பாடு தங்கம்.”

அந்த ஒருத்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை. விக்கிரமங்கலத்தில் அவளுக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. திருப்பூர் விஷயம் தெரிந்தும் அவர்கள் சரி என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வரிகளைப் பாருங்கள். போனவள் இருக்கிறாள், பஸ் இருக்கிறது, ஊர்ப் பெயர்கூட இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனவனுக்கு மட்டும் இடமில்லை. ‘போனாளாம்’, ‘வந்தாளாம்’ என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி வேறு. பாட்டைக் கட்டியவளே அவனைப் பெற்றவள்! நடுவழியில் கைவிட்டு வந்த மகனுக்கு உடையார்பாளையத்தில் பெண் எடுத்துத் தடபுடலாகக் கல்யாணமும் செய்து வைத்திருந்தாள்.

எங்கள் வாசலில் கும்மி வந்து நின்றது. நான் தொண்டை கிழியப் பாடினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். உள்ளேயிருந்து அத்தை வந்தாள். வட்டத்துக்குள் நுழைந்து, தாளம் பிசகாமல் தட்டி, அடுத்த அடியை அவளே எடுத்தாள்.

கூட்டிக்கிட்டுப் போனவன் பேரென்னவாம் – இந்தக்
கூட்டத்துல யாருக்குமே தெரியாதாம்

தட்டிய கைகள் நின்றுவிட்டன. “நல்ல நாளும் அதுவுமா என்னடி பாட்டு இது?” என்று கத்தினாள் எதிர்வீட்டுக்காரி.

“உங்க பாட்டுதான அத்தை. மிச்சத்தையும் பாடுனேன்” என்று அவளுக்கு முறை வைத்தே பதில் சொன்னாள் என் அத்தை.

யாரோ செல்போனில் எடுத்தது மறுநாளே விக்கிரமங்கலம் போய்விட்டது. பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடிப்போனதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, நடுத்தெருவில் கேள்வி கேட்டது பொறுக்கவில்லை. அப்பாவும் அத்தையைத்தான் திட்டினார். எதிர்வீட்டுப் பக்கம் ஒரு சொல் போகவில்லை. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கும் அத்தைமேல்தான் கோபம். என் பாட்டைக் கெடுத்துவிட்டாளே! மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் பெரம்பலூரில் ஒரு துணிக்கடை வேலைக்குப் பையோடு கிளம்பியவள், என் தலையைத் தடவி, “நல்லாத்தான் பாடுன பாப்பா” என்றாள்.

அத்தை மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரி, போகட்டும் என்று பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டேன்.