சூசையின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

போன வாரம் எங்கள் மாதா கோயில் கோபுரத்திலிருந்து பழைய குழாய் ஸ்பீக்கர்களை இறக்கினார்கள். ஏற்றியவன் நான் என்பதால் இறக்கவும் என்னையே கூப்பிட்டார்கள். இப்போது ஏணி ஏறினால் முழங்கால் முனகுகிறது. கீழே நின்று கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. காய்ந்த மண், துரு, எப்போதோ ஏறிப்போன சாம்பிராணிப் புகை எல்லாம் கலந்து ஒரு வாசனை அடித்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குளவி மேல் அல்ல.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் பேரைக் கேட்டபோது பக்கத்தில் இருந்த தம்பிதான் சொன்னான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விடுகிற மைக் செட் தொழில். மற்ற செட்காரர்கள் “அலோ, அலோ, மைக் டெஸ்டிங்” என்று ஒரு பாட்டமே பேசிவிடுவார்கள். நான் விரலால் தட்டிப் பார்ப்பதோடு சரி.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கந்தூரி, காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா என்று எதற்கும் போவேன். கட்சிக் கூட்டங்களும் உண்டு. ஒரே மைக்கில் இன்று ஒரு கரை வேட்டி முழங்கும், நாளை இன்னொரு கரை வேட்டி முழங்கும். எச்சிலைத் துடைப்பது மட்டும் என் வேலை. அவ்வளவு பேர் பேசியதில் ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. கோயிலில் எங்கள் பங்குச் சாமியார் சொன்ன ஒரு சொல்தான் நிற்கிறது.

அறுப்பு மெஷின் முதன்முதலாக எங்கள் வயல்களுக்கு வந்த வருஷம் அது. சம்பா விளைந்து தலை சாய்ந்து நின்றது. அறுப்புக் கூலியை நம்பியிருந்த ஜனங்கள் மெஷினை மறித்து வரப்பில் உட்கார்ந்தார்கள். முன்னால் உட்கார்ந்தவர் சூசை. அதிகம் பேசாதவர், ஆனால் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. மெஷினைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் மிராசு. அவரும் எங்கள் கோயில்காரர்தான். தேர்த் திருவிழாவில் மாதா தேருக்கு முதல் மாலை அவர் வீட்டு மாலைதான்.

ஒரு நாள் விடிந்தபோது சூசை வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். ஓடிப்போனவர்களில் சாமியாரும் ஒருவர். உயிர் இருக்குமோ என்று புரட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு கையும் பின்னால் வைக்கோல் பிரியால் கட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் அரிவாளை வாங்கி அவரே அறுத்தார். உயிர் இல்லை. போலீஸ் வந்தபோது அறுத்த பிரியும் இல்லை. அறுப்புக் காலத்தில் வைக்கோல் பிரிக்கா பஞ்சம், எது எங்கே போயிற்று என்று யார் சொல்ல முடியும்? குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று முடித்தார்கள். மேட்டூரை மூடி வாய்க்கால் வற்றிக் கிடந்த நாட்கள் அவை. கணுக்கால் நனையாத தண்ணீரில் ஒரு ஆள் மூழ்கிப் போனாராம்!

சூசையின் மனைவி ஆரோக்கியம் அக்கா அடக்கத்தன்று சாமியாரிடம் கேட்டது ஒன்றுதான். “போன உசிரு வராது சாமி. குடிச்சு விழுந்தாருன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சாராயத்த மோந்தாலே வாந்தி எடுக்கிற மனுசன் சாமி அவரு.”

எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன், இன்று யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சாமியார் பெயர்களைச் சொல்வார். ‘மரித்த’ அந்தோணி, ‘மரித்த’ லூர்து அம்மாள் என்று போகும். அந்த ஞாயிறு அவர் மைக்கை நெருங்கி, “கொல்லப்பட்ட சூசையின் ஆன்மா இளைப்பாற” என்றார். முன்வரிசையில் மிராசு வீட்டு அம்மாளின் கையில் இருந்த விசிறி நின்றுவிட்டது. நாலு குழாய் வழியாக அந்தச் சொல் நாலு தெருவுக்கும் போனது. அடுத்த ஞாயிறும் போனது. அதற்கடுத்த ஞாயிறும்.

ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளரை நாங்கள் ‘ஒன்றியம்’ என்றே சொல்வோம். அவர் என் கடைக்கு வந்தார். என்னைத் தேடி யாரும் வந்து உட்காருகிற கடை அல்ல அது. ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவர் உட்கார்ந்ததால் நான் நின்றேன்.

“தம்பி, நிறுத்தச் சொல்லல. அந்த வார்த்த வர்றப்ப மட்டும் லேசா வால்யூமக் கொறச்சிடு. தொண்ட கட்டுன மாதிரி இருக்கட்டும்.”

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். கூச்சக்காரர்களுக்கு அப்படி ஒரு தலையாட்டல் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் போய் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாட்டுக்கொட்டகையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“கொறச்சுக்க,” என்றார், பம்பை நிறுத்தாமல். “நான் கத்திச் சொல்லிக்கிறேன். தொழில் பண்றவன் நீ, ஒனக்கு எதுக்குப் பகை?”

நான் குறைப்பதாக இல்லை. ஆனால் மறுநாள் சரியாக அந்த நேரத்தில், “கொல்...” என்று அவர் வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது. நான் சொல்வது சத்தியம். மின்சார வாரியம் எனக்குச் செய்த உபகாரங்களில் இதுதான் தலையாயது. சாமியார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டை நரம்பு புடைக்கக் கத்திச் சொன்னார். கோயிலுக்குள் கேட்டது, தெருவுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தால் ஒன்றியம் புல்லட்டில் உட்கார்ந்தபடி கண்ணடிக்கிறார். ஆரோக்கியம் அக்கா வழி மறித்தது. “ஏன்டா, எவ்ளோ குடுத்தான்?” கூட நின்ற பெண்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். ‘அக்கா, கரண்ட் கட்’ என்ற மூன்று சொல் என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் யார் நம்புவார்கள்? அந்த மாதம் முழுக்கக் கட்சிக் கூட்டம் எல்லாம் எனக்கே கிடைத்தது. எரிச்சலில் ஒரு லாரி பேட்டரி வாங்கி, இனி ஞாயிற்றுக்கிழமை கரண்டை நம்புவதில்லை என்று செட்டை அதில் இணைத்தேன். அடுத்த பூசையில் அந்தச் சொல் முன்னிலும் கணீரென்று போனது. கட்சிக் கூட்டங்கள் நின்றன. அக்கா என் வாசலில் ஒரு மரக்கால் உளுந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

பிறகு ஆட்சி மாறியது. வேறு கரை வேட்டி வந்தது. புது ஆள் என் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டதும் அதே வால்யூம்தான். அவரும் மிராசு வீட்டில்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

தேர்த் திருவிழாவுக்கு ஆயர் வந்தார். ஆயரை நாங்கள் ‘ஆண்டவர்’ என்றுதான் கூப்பிடுவோம். வயதானவர். மூச்சிரைப்பு உண்டு. அவர் பேச்சில் பாதி காற்றுதான் வரும். என்னைப் போன்ற செட்காரனுக்குப் பெரிய சோதனை. சாமியார் வீட்டு வராந்தாவில் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே மிராசும் புது வேட்டிக்காரரும் ஆயரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாமியாரும் கூட இருந்தார். எங்கள் கோயில் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இடங்கள் வரவேண்டியிருந்தது. கோப்பு மேலே அரசாங்கத்தில் நின்றிருந்தது.

“ஆண்டவர் மனசு வச்சா முடிஞ்சிரும். ஒரு வார்த்ததானே? எல்லாருக்கும் சொல்ற மாதிரி ‘மரித்த’ன்னு சொன்னா என்ன, அவனும் மரிச்சவன்தானே?” என்றார் வேட்டிக்காரர்.

ஆயர் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார். “நீர் பாத்தீரா?”

“கைக்கட்ட அறுத்தவனே நான்தான் ஆண்டவரே.”

“அப்ப சரி,” என்றார் ஆயர். மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு, “காப்பி குடிங்க, ஆறுது” என்றார் அவர்களிடம்.

திருவிழாப் பூசையில் ஆயரே பெயர்களைச் சொன்னார். நான் பேட்டரி, கரண்ட் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரித்தவர்கள் எல்லாம் முடிந்தார்கள். ஆயர் நிறுத்தினார். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது, துருத்தி போல. விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். மிராசுகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லை முழுசாகச் சொல்லக் காற்று சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். “கொல்லப்பட்ட சூசை” என்றார், ஒவ்வொரு எழுத்தாக. அன்று மிராசு வீட்டு மாலை இல்லாமல்தான் தேர் நகர்ந்தது.

வாத்தியார் இடங்கள் வரவேயில்லை. ஒரு சிஸ்டரே மூன்று வகுப்பையும் ஒரு கூடத்தில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். சாமியார் கோர்ட்டில் மனுப் போட்டு வழக்கைத் திறக்கவைத்தார், அவரே சாட்சியும் சொன்னார். அரிவாள் கொடுத்தவர் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார். மிராசின் ஆட்கள் எல்லோரும் விடுதலையாகி வேட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். சாமியார் வேறு பங்குக்குப் போனார். ஆயர் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அடுத்தடுத்து வந்த சாமியார்கள் சூசை இறந்த நாளிலாவது அந்தச் சொல்லை விடாமல் சொல்லித்தான் வந்தார்கள். கோர்ட்டு தராததை அக்கா வருஷத்துக்கு ஒரு தரம் கோயிலில் வாங்கிக்கொண்டது.

இப்போது கோயிலில் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். சுவரோடு சுவராகச் சின்னச் சின்ன ஸ்பீக்கர். நான் தேவையில்லை. யாருக்காகப் பூசை என்பதைச் சாமியார் வாயால் சொல்வதில்லை, திரையில் ஓடுகிறது. போன ஞாயிறு சூசையின் நாள். ‘இறைவனில் இளைப்பாறும் சூசை’ என்று பூப்படம் போட்டு ஓடியது.

வாழ்நாளில் நானாகப் போய் ஒருவரைக் கேள்வி கேட்டது அன்றுதான். புதுச் சாமியார் நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “அய்யோ, யாரும் சொல்லி மாத்தலண்ணே. டைப் பண்ற தம்பிகிட்ட ஒரே ஃபார்மட்டு இருக்கு. பேர மட்டும் போட்டா எல்லாருக்கும் அப்படியே வந்துரும்.”

மிராசு இல்லை. அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையில் இருக்கிறார்கள். எந்தக் கரை வேட்டியும் எங்கள் கோயில் பக்கம் வந்து எதையும் கேட்பதில்லை. மிரட்டிக் கேட்டபோது ஒரு கிழவர் இரைக்கிற மூச்சோடு காப்பாற்றித் தந்த சொல்லை, யாரும் கேட்காமலே தொலைத்துவிட்டோம். இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வாசலில் ஆரோக்கியம் அக்கா பிடித்து நிறுத்தியது. கண் மங்கிவிட்டது. திரை தெரியாது, தெரிந்தாலும் எழுத்து தெரியாது.

“பேர் சொன்னாங்களா? என் காதுல விழலியே,” என்றது. பிறகு என் முகத்துக்குக் கிட்டே வந்து, பழைய அதே குரலில், “ஏன்டா, வால்யூமக் கொறச்சிட்டியா?” என்றது.

அன்று கோயிலில் கரண்ட் இருந்தது.