கண்ணாடியில் பேசிய இடது கை

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முடி வெட்டுவது தொழில். கத்தரிக்கோலும் இடது கையில்தான், பேச்சும் இடது கையில்தான். கல்லூரியில் கம்ப்யூட்டருக்குச் சைகை மொழி பழக்குகிறார்கள் என்று தெரிந்ததும், நாத்தனாரை இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனாருக்குக் காது கேட்கும். சைகையும் தண்ணீர் பட்ட பாடு.

முக்காலியில் ஒரு கேமரா. எதிரே நிற்பவரின் தோளும் முழங்கையும் விரல்களும் நகர்வதைக் கவனித்து, சைகை எந்தச் சொல் என்று திரையில் காட்டும். மொத்தம் அறுபது சொற்கள். அன்று அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல் சரியாக வந்தது. அவள் 'தண்ணீர்' என்றாள். திரை 'புதன்கிழமை' என்றது. 'கணவன்' என்றாள், 'வாளி' என்றது.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி" என்று நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைகையில் சொன்னாள்.

அறுபதில் ஒன்பதுதான் தேறியது. இன்ஜினியர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குப் பழக்கினது எல்லாம் வலது கைக்காரங்களை வச்சு. நீங்களும் வலது கையால செஞ்சு பாருங்களேன்."

நாத்தனார் அதைக் கையால் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"வலது கையில பேசினா எனக்குத் திக்கும்னு சொல்லு."

சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கைகழுவும் இடத்துக்கு அழைத்துப் போனாள். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் அவளை நிறுத்தி, பின்னால் நின்று 'தண்ணீர்' என்றாள். கண்ணாடிக்குள் அது வலது கையாகத் தெரிந்தது.

"என் கடையில காது கேக்காதவங்க எல்லாம் என்னைக் கண்ணாடியிலதான் பாத்துப் பேசறாங்க. புரியலைன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. உங்க மிஷினுக்கு மட்டும் என்னவாம்?"

நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜினியர் கம்ப்யூட்டரிடம் ஓடிவிட்டாள். இடது கைக்காரர் வந்தால் இடம் வலமாகத் திருப்பிப் படிக்கும்படி புரோகிராமை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று.

தண்ணீர். கணவன். ஒவ்வொன்றாகச் சரியாக விழுந்தது. ஐம்பத்தேழு. அன்று வந்தவர்களில் யாரும் எட்டாத எண். வரிசையில் நின்ற அத்தனை பேரும் இரு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன வாரம் நாலு இடது கைக்காரங்களைத் திருப்பி அனுப்பிட்டோம். எல்லாரையும் கூப்பிடணும்" என்றாள் இன்ஜினியர்.

சனிக்கிழமை நால்வரும் வந்தார்கள். முதலில் நின்ற தச்சர் ஐம்பத்தொன்பது வாங்கி அவளையே முந்திவிட்டார். அவரைப் பொய்யாக முறைத்துவிட்டு, இன்னொரு தடவை செய்து பார்க்க அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.