ஆப்பிரிக்காக்காரருக்கு ஒரு வாய் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. சித்திரை மாதம். கடும் காய்ச்சலோடு ஒருவரை இறக்கிவிட்டு, அவர் வந்த கப்பல் கிளம்பிப் போய்விட்டது. கறுத்து உயர்ந்த மனிதர். ஆப்பிரிக்காக்காரர் என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளே டாக்டர் கையை விரித்துவிட்டார். தண்ணீர் கொடுத்தால் அந்த மனிதர் குடிக்கமாட்டார். டம்ளரைத் தரையில் சாய்க்கப் பார்ப்பார். காய்ச்சல் வேகம் என்று நான் பிடுங்கிக்கொள்வேன். உடனே பக்கத்துக் காலிக் கட்டிலைக் காட்டி ஏதோ முணுமுணுப்பார். அங்கே யாருமே இல்லை.

எங்கள் ஆயா காசிமேட்டு மீனவப் பெண். அவளால் பொறுக்க முடியவில்லை. "சாவப் போற மனுசன் நர்சம்மா. சொந்தக்காரன் கையால ஒரு வாய் தண்ணி எறங்கலன்னா, அந்த உசுரு இங்கயே சுத்திகினு கெடக்கும்" என்றாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தன் புருஷனை விரட்டி, வேறொரு கப்பலில் வந்திருந்த ஆப்பிரிக்க மாலுமி ஒருவரைக் கையோடு அழைத்துவரச் செய்தாள்.

வந்தவர் குனிந்து நோயாளியின் முணுமுணுப்பைக் கேட்டார். புரியவில்லை என்று தலையாட்டினார். "இன்னாபா இது, ஒரே ஊர்க்காரனுங்க, பேசறது புரியலன்றான்?" என்று ஆயா எகிறினாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் நாடு எதுவோ, என் நாடு வேறு, நடுவில் இன்னும் எத்தனையோ நாடுகள் என்றார் மாலுமி. நான் சும்மா இருப்பேனா? ஒரே நாட்டில் இத்தனை மொழி பேசுகிற அதிசயம் உலகத்திலேயே எங்கள் இந்தியாவில்தான் உண்டு என்று பெருமையடித்தேன். எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒருநாள் வந்து எத்தனை மொழி என்று எண்ணிப் பாருங்கள் என்று அவர் சிரித்தார். என் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்போது நோயாளி மறுபடியும் டம்ளரைச் சாய்த்தார். பிடுங்கப் போன என் கையை மாலுமி தடுத்தார். எங்கள் வீட்டில் முதல் வாய் செத்துப்போன பெரியவர்களுக்கு, இவர் ஊரிலும் அப்படித்தானோ என்னவோ என்றார். டம்ளரை வாங்கி, காலிக் கட்டிலின் கீழே கொஞ்சம் ஊற்றினார். தன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு டம்ளரை நோயாளியின் வாயில் வைத்தார். மனிதர் மடக்மடக்கென்று குடித்தார்! ஆயா அழுதேவிட்டாள்.

குடித்து முடித்தவரின் கண்கள் அந்தக் காலிக் கட்டிலிலிருந்து மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தன. மாலுமி சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே ஆயாவும் ஒதுங்கினாள். என்ன ஏதென்று தெரியாமல் நானும் ஒதுங்கினேன். அந்தக் கொளுத்தும் மதியத்தில் சில்லென்று ஏதோ என்னைக் கடந்து போயிற்று. திரும்பிப் பார்த்தால், நோயாளியிடம் மூச்சில்லை.

ஆப்பிரிக்காவை ஒரே ஊர் மாதிரி யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது: அவரைக் கூட்டிப்போக வந்த செத்துப்போன பெரியவருக்கு ராயபுரத்துக்கு வழி தெரிந்திருந்தது, பக்கத்திலேயே நின்ற எங்களுக்கு அவருடைய ஊர்ப்பெயர்கூடத் தெரியவில்லை.