ஓசியில் இறக்கிய பஞ்சாங்கம்

‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தானைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று அதை நாலு தடவை அழுத்தியது நான்தான். ஒரு வரி படிக்கவில்லை.

என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும், அதுவும் அரசாங்கக் கல்லூரியில். பிறந்ததிலிருந்து அவள் பிடிவாதமாகக் கேட்டது அது ஒன்றுதான். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியோடு கடைசி. பாகூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமே அதில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். கடைசிப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

நான் விட்டேனா? சனிக்கிழமை நல்ல காரியம் தொடங்குவார்களா என்றேன். ஞாயிறு அஷ்டமி. திங்கள் நவமி. செவ்வாய் காலையிலேயே போட்டுவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பும்போது சொன்னார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. சுவரில் தொங்குகிற நாள்காட்டி போதாதென்று, திங்களன்று ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்தி ஒரு பஞ்சாங்க சாஃப்ட்வேரை இறக்கி வைத்திருந்தேன். இலவசம். ஓசியில் கிடைத்தால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்கிற புத்தி. செவ்வாய் காலை நல்ல நேரம் மகளின் நட்சத்திரத்துக்கு ஆகாது, மாலை நாலு முப்பத்தைந்துதான் உத்தமம் என்று அது சொன்னது. நான் நம்பினேன்.

அதன் கூடவே இன்னொன்றும் உள்ளே வந்திருந்தது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரையின் மூலையில் சிவப்புப் பெட்டியாகக் குதித்தது. சனியன் என்று அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டேன். ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். படத்தைத் தூக்கிப் போட்டால் ஆள் போய்விடுவானா?

செவ்வாய் நாலு முப்பத்தைந்துக்குச் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. அதை மூடினால் இரண்டு திறந்தன. போனில் முயன்றோம், பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் கம்ப்யூட்டருக்கே திரும்பி, அந்தச் சிவப்புப் பெட்டிக்காரனைச் சாஃப்ட்வேர் பட்டியலில் தேடி நீக்கினாள். நிஜமாகவே நீக்க வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டது, மானங்கெட்டது. ஒருவழியாகப் போனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அந்தக் கிழட்டு மெஷின் எழுந்து உட்காரவே ஐந்து நிமிஷம். எழுந்ததும் மூலையில் அதே சிவப்பு.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதைச் செய்தவன் கட்டையில் போக, ஊரை அடித்து உலையில் போடுகிறவன், அவன் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடக்கட்டும் என்றெல்லாம். மகள் திட்டவில்லை. பட்டியலில் எது எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே நாள், ஒரே நிமிஷம்.

"இதுதாம்மா அத திரும்பத் திரும்பக் கூட்டினு வருது" என்றாள், பஞ்சாங்கத்தைக் காட்டி. "இத யாரு போட்டது?"

நான்தான் என்றேன்.

அவள் இரண்டையும் நீக்கினாள். அவை விட்டுப்போன கோப்புகளைத் தேடி அழித்தாள். பிரவுசரில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கினாள். மறுபடி அணைத்துப் போட்டாள். இந்த முறை திரை சுத்தமாக இருந்தது. விண்ணப்பப் பக்கமும் உடனே திறந்தது. கால அவகாசம் முடிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. மணி ஐந்து நாலு.

என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் விசைப்பலகையை மெதுவாக அதன் உறையால் மூடினாள்.

சேற்றுக் காலோடு வாசலுக்கு வந்தார் வீட்டுக்காரர். "இன்னா பாப்பா, போட்டாச்சா?" என்றார்.

"நெட்டு போயிடுச்சுப்பா" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல்.

அவர் நெட்டுக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். ஒரு பொண்ணு வாழ்க்கையில் மண்ணைப் போட்டுட்டானே, அவன் விளங்குவானா என்று கத்தினார். அவர் ஓயும்வரை நான் அடுப்படியில் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டேன்.