புளி போட்டுத் தேய்ச்சீங்களா?

"புளி போட்டுத் தேய்ச்சீங்களா?" என்று கேட்கும்போது முதலாளியின் குரல் அவ்வளவு மெதுவாக இருக்கும். கையில் யாருடைய தோல் பையாவது இருக்கும். அதன் பூட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்பார். எதிரே நிற்கும் அம்மாளின் முகம் உடனே சுருங்கிப்போகும். எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. ஏன் தணிய வேண்டும் என்றும் தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்துக்குள் அவருடைய கடை. பொன்மலை ரயில்வே காலனியிலிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தன. கட்டில், பியானோ, பீங்கான் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் போவார்கள். அந்தச் சாமான்களோடு வீட்டுப் பெண்களின் பழைய தோல் கைப்பைகளும் வெளியே வரும். முதலாளி அவற்றை வாங்கி, பூட்டையும் வளையத்தையும் சரிசெய்து, சாயம் ஏற்றி, டாக்டர் வீட்டு அம்மாக்களுக்கும் காலேஜ் டீச்சர்களுக்கும் விற்பார். ரிப்பேருக்கும் எடுத்துக்கொள்வார். வருகிறவர்கள் பெண்கள் என்பதால் கடையில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று என்னை வைத்துக்கொண்டார். என் அப்பா பொன்மலைப் பணிமனையில் பிட்டர். ஸ்குரு டிரைவருக்கும் அரத்துக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன்.

அந்த மனிதருக்கு நிறம் தெரியும். என் எதிரியைப் பற்றிக்கூட இல்லாததைச் சொல்ல மாட்டேன், இருப்பதை மறைக்கவும் மாட்டேன். ஒரு பை வந்தால் முதலில் சந்துக்கு எடுத்துப்போய்க் காலை வெளிச்சத்தில் பிடிப்பார். வெளியே தெரிவது பையின் நிறமில்லை, வெயிலும் கைவியர்வையும் தின்ற மிச்சம் என்பார். பிறகு பூட்டைக் கழற்றுவார். பூட்டின் அடித்தகடு மூடியிருந்த இடத்தில் மட்டும் தோல், பையை வாங்கிய அன்றைக்கு இருந்த நிறத்தில் இருக்கும். பழுப்பு என்று நாம் நினைத்த பை அங்கே மாதுளை முத்தாக இருக்கும். கறுப்பு என்று நினைத்தது கரும்பச்சையாக இருக்கும். அந்தத் துளி இடத்தைப் பார்த்துச் சாயம் கலப்பார். அடுத்த நாள் எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு எதையும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாம் நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பூட்டு மாற்றுகிற வேலையை மட்டும் என்னிடம் கொடுக்க மாட்டார். அதை அவரேதான் செய்வார்.

இனி புளி விஷயம். நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி. குத்துவிளக்கானாலும் குடமானாலும் வெள்ளிக்கிழமை வந்தால் புளியைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தால்தான் பெண்களுக்குத் திருப்தி. கைப்பையின் பூட்டும் மஞ்சளாக மின்னுகிறதா, அதற்கும் அதே மரியாதை. ஆனால் அந்தப் பூட்டுகளில் தங்கமுலாம் காகிதத்தைவிட மெல்லிசாகத்தான் பூசியிருப்பார்கள். ஒரு தரம் புளி பட்டால் போதும், முலாம் போய்விடும். புளித்தண்ணீர் இறங்கிச் சுற்றியுள்ள தோலும் திட்டுத்திட்டாகக் கறுக்கும். கடைக்கு வந்த பைகளில் பாதி இப்படிப் பாழானவைதான். ஆகவே ரிப்பேருக்குக் கொடுத்த பையைத் திரும்ப வாங்கும்போது, "பூட்டு முன்ன மாதிரி இல்லையே" என்று யாராவது இழுத்தால், முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்பார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாவம், இந்த அம்மாக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த அம்மாக்களில் ஒருவர் ஒரு டீச்சர், ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. அவருடைய அண்ணா கல்கத்தாவிலிருந்து வாங்கி அனுப்பிய பை அது. வெளியே வெளுத்த செங்கல் நிறம், நடுவில் வெற்றிலை வடிவத்தில் கனமான பூட்டு. மேலே இருந்த குமிழைத் திருப்பினால் திறக்கும். அந்தக் குமிழ்தான் இறுகிப்போயிருந்தது. முதலாளி இல்லாத நேரத்தில் வந்ததால் என்னிடம்தான் கொடுத்தார்.

"சீக்கிரம் பண்ணிக் குடுத்துடும்மா. பஸ்ல சில்லறை எடுக்க முடியலை. ஆத்துல ஏற்கெனவே தோல் பை, தோல் பைன்னு தினம் ஒரு பேச்சு. வாசல்லயே ஒரு பெட்டி போட்டு அதுல வெச்சுட்டுத்தான் உள்ளே போறேன். இது கெட்டுப்போச்சுன்னா அவருக்கு அதுவே போறும், வேலையை விடுன்னுடுவார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோல் ஆகாது என்று சொன்ன அந்தக் கணவரின் காலில் தோல் செருப்பும் கையில் தோல்வார் போட்ட கடிகாரமும் இருந்ததைப் பிறகு நானே பார்த்தேன்.

பை தயாரான அன்று காலையில் ஒரு ஸ்குரு தேடி முதலாளியின் மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே பூட்டுகள். எல்லாம் கனமான, முலாம் கெடாத, சீமைப் பூட்டுகள். நடுவில் வெற்றிலை வடிவப் பூட்டு கிடந்தது. அலமாரியில் இருந்த டீச்சரின் பையைப் பார்த்தேன். வட்டமான ஒரு தகரப் பூட்டு, மஞ்சள் பூச்சோடு இளித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்த மெதுவான குரலில் அவர் கேட்டது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்ல பூட்டை எடுத்துக்கொண்டு தகரத்தை மாட்டிவிட்டு, பழியைப் புளிமேல் போட்டுவந்திருக்கிறார்.

சாயங்காலம் டீச்சர் கணவரோடு வந்தார். பையைப் பார்த்ததும், "இது என் பூட்டு இல்லையே" என்றார். முதலாளி அவசரப்படவில்லை. பழைய பூட்டு அரித்துப்போய்விட்டதால் மாற்ற வேண்டியதாயிற்று என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்குள் கணவர் திரும்பி, "கேக்கறார் இல்லையா? தேய்ச்சியா, இல்லையா?" என்றார். கடையில் வேறு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ஒரு தரம் தேய்ச்சேன்" என்றார்.

"அசடு! பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லித்தரப் போயிட்டா!" என்றார் கணவர். முதலாளி அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஸ்குரு டிரைவரை எடுத்து, எல்லோருக்கும் எதிரே அந்த வட்டப் பூட்டைக் கழற்றினேன். அடியில் வெளுத்த தோலுக்கு நடுவே, அடர்ந்த அரக்குச் சிவப்பில் ஒரு வெற்றிலை அச்சுப்போல் பதிந்திருந்தது. டிராயரிலிருந்த பூட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். காம்பு முதல் நுனி வரை மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. "பூட்டு நல்லாத்தாங்க இருக்கு. மாத்தி வச்சிருக்காங்க" என்றேன்.

முதலாளியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம், "இந்தப் பொண்ணு கை தவறி டிராயர்ல போட்டிருக்கும் சார். புதுசுங்க, ஒண்ணும் தெரியாது" என்றார். பழி இவ்வளவு சுலபமாக இடம் மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல. கணவர் குனிந்து அந்தச் சிவப்பு அச்சைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புரிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, "ஒரு பையால என்னை எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கே பாத்தியா? கடைத்தெருவுல பஞ்சாயத்து! போறும் உன் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். "காப்பி சாப்டுட்டுப் போங்க சார்" என்றார் முதலாளி. திருடியவருக்கு ஒரு வார்த்தை திட்டு விழவில்லை. இரண்டு ஆண்களும் சமாதானமாகவே பிரிந்தார்கள். டீச்சர் பையைத் தொடாமல் பின்னாலேயே போனார்.

அன்றோடு என் வேலை போயிற்று. பையையும் வெற்றிலைப் பூட்டையும் எடுத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். திருட்டு என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று சந்து முனையில் நின்றுகூடப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. வீட்டில் அப்பாவின் அரத்தை வைத்துக் குமிழைச் சரிசெய்தேன். பூட்டைப் பழைய இடத்தில் பொருத்தும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சுற்றியிருந்த தோலில் ஒரு கறுப்புத் திட்டுகூட இல்லை. முலாமிலும் தேய்ந்த தடமில்லை. புளி அந்தப் பையின் பக்கமே போனதில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, விசாரித்து, டீச்சரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் அவரே வந்து கதவைத் திறந்தார். வேலையை விட்டுவிட்டார் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பையை நீட்டினேன். வாங்கிக் குமிழைத் திருப்பினார், திறந்தார், மூடினார். மறுபடியும் என் கையிலேயே வைத்தார்.

"நீயே வெச்சுக்கோம்மா. எனக்கு இனிமே எதுக்கு?" என்றார்.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. "டீச்சர், நீங்க புளியே போடலை. பூட்டைப் பாத்தாலே தெரியுது. ஏன் தேய்ச்சேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். கேள்வி கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"இல்லைன்னு சொன்னா எதுத்துப் பேசறேன்னு ஆகும். ஆமான்னு சொன்னா அசடுன்னு ஆகும். அசடை வேலைக்கு அனுப்பறதுல அவருக்கு ஒண்ணும் பயம் இருக்காதுன்னு நினைச்சேன்."

அந்தக் கடை இப்போது இல்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல பெயரோடு. பழைய பைகளைச் சீர்செய்கிற வேலையைத்தான் நானும் இத்தனை வருஷமாகச் செய்துவருகிறேன். நிறம் பார்ப்பதில் எனக்கும் பெயர் உண்டு. போன வாரம் படித்த பெண் ஒருத்தி வந்தாள். பெரிய கம்பெனியில் உத்தியோகம். பையை மேஜையில் வைத்ததும் வைக்காததுமாக, "நான்தான் ஏதோ தப்பா க்ளீன் பண்ணிட்டேன் போலிருக்கு மேடம்" என்றாள். கூட வந்த கணவன் ஆமாம் என்று தலையாட்டினான். நான் அதுவரை பையைத் தொடவே இல்லை.