ஒரு வருஷம் ஆடக் கூடாது

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு ஆலையில் கபடி ஆடுகிறவர்களுக்குத் தனி மரியாதை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம், சம்பளம் வந்துவிடும்.

எங்கள் ஆலை அணியில், எதிரணி எல்லைக்குள் நன்றாகப் பாடிப் போகிற ஒருவர், புதுவாயலில் லாரி டிரைவர்கள் தூக்கம் வராமலிருக்க விழுங்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டியில் இறங்கினார். ஜெயித்தோம். விசில் ஊதிய பிறகும் அவர் கபடி கபடி என்று பாடிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை போனதில்தான் எதிரணிக்குச் சந்தேகம் வந்தது.

அவர்கள் புகார் கொடுக்க, போட்டி நடத்திய கமிட்டி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. வேலை போய்விடும் என்று அவர் வீட்டில் ஒரே அழுகை. துணைக்கு நானும் போனேன்.

"எதுக்குயா மாத்திரை போட்ட?" என்றார் கமிட்டித் தலைவர்.

"மத்தியானத்துல மேட்ச் வெச்சா தூக்கம் வருது சார். சோறு வேற பலமா துன்னுட்டேன்."

"ஒரு வருஷம் ஆடக் கூடாது."

பக்கத்திலிருந்த எங்கள் மேனேஜர், "ஆட்டத்துக்குத்தான் தடை. நாளையிலேர்ந்து உலைக்கு வந்துடு, முழு ஷிப்ட்டு" என்றார்.

மாத்திரை போட்டவர் தலையைச் சொறிந்தார். "வேலைய எடுத்துடுவீங்கன்னு பயந்துகினு வந்தேன் சார். நீங்க இன்னான்னா வேலையே குடுத்துட்டீங்க."

வெளியே வந்ததும், உலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார்.